சொல்லெடுத்துக் கொடுக்காத ரீச்சர்

முதல் நாள் இணைப்பு அறுந்துபோய்விட்டது என்றே நினைத்தேன்.

திரையில் ஒரு மனிதர் அசையாமல் இருந்தார். அறுபதை நெருங்கிய முகம், கழுத்துவரை மூடிய நீலக் கம்பளிச் சட்டை. வாயும் அசையவில்லை, கண்ணும் அசையவில்லை. எங்கள் பக்கத்தில் கமராவுக்கு முன்னால் இருந்த ரீச்சரும் அப்படியே இருந்தார். என் ஹெட்போனில் காற்று இரைவதுபோல ஒரு சத்தம் மட்டும் கேட்டது. நான் பதறிப்போய் எழுந்து கம்பிகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தேன். ரீச்சர் என் பக்கம் திரும்பவில்லை. ஒரு கையை மேசைக்குக் கீழே இறக்கி, விரல்களை மட்டும் மெல்ல அசைத்தார். "இரு" என்று சொல்வதுபோல.

இருந்தேன். நெடுநேரத்துக்குப் பிறகு திரையில் இருந்தவர் ஒரு சொல் சொன்னார்.

"ஆய்ரு."

ரீச்சர் தலையாட்டினார். துடுப்பு என்று அர்த்தமாம். ஒரு துடுப்பை எடுக்க இவ்வளவு நேரமா என்று நினைத்தபடி ஹெட்போனைத் திரும்பவும் மாட்டிக்கொண்டேன்.

அது இரண்டாயிரமாம் ஆண்டு பிறந்து சில வருடங்களான காலம். ஒஸ்லோவில் ஒரு கல்வி நிறுவனத்தின் கீழ்த்தளத்தில், ஜன்னல் இல்லாத அறையொன்றில் எனக்கு வேலை. தொலைபேசிக் கம்பி வழியாகப் படத்தையும் குரலையும் அனுப்பித் தூர ஊர்களுக்குப் பாடம் நடத்துவார்கள். இணைப்பைத் திறப்பது, கமராவைச் சரிபார்ப்பது, குரல் கேட்கிறதா என்று கவனிப்பது, பாடம் முடிய எல்லாவற்றையும் மூடுவது, இவ்வளவும் என் பொறுப்பு. வடக்கே பின்மார்க்கின் கரையோரக் குடாக்களில் இருப்பவர்களுக்கு அவர்களுடைய சொந்த மொழியைக் கற்பிக்கும் வகுப்பு என்னிடம் வந்தபோது, அந்த மொழியின் பெயரைக் கேட்டு எனக்குச் சிரிப்பு வந்தது. சாமி மொழி.

வீட்டில் சொன்னபோது என் மகள் ஆரணி கேட்டாள், "சாமியெண்டா கடவுளெல்லோ அம்மா? கடவுளின்ரை பாசையோ?"

"இல்லையடி. அங்கை வடக்கிலை பழங்காலத்திலை இருந்து இருக்கிற சனம்."

"நாங்களும் வடக்குத்தானே?"

யாழ்ப்பாணம் வேறு வடக்கு என்று சொன்னேன்.

ரீச்சர் என்பது நானாக வைத்துக்கொண்ட பெயர். நோர்வேயில் ஆசிரியரையும் பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும். என்னைவிடப் பதினைந்து வயதாவது மூத்த ஒருவரை, அதுவும் படிப்பிக்கிறவரை, பெயர் சொல்லிக் கூப்பிட எனக்கு வாய் வரவில்லை. நேரில் பெயரைத் தவிர்த்துக் கதைத்தேன், மனதுக்குள் ரீச்சர் ஆக்கிக்கொண்டேன். நோர்வேஜிய மொழியில் எல்லோருக்கும் ஒரே 'நீ'தான். ஆனால் இப்போது நினைக்கும்போது அவர் என்னை 'நீர்' என்று கூப்பிட்டதாகத்தான் ஞாபகம் வருகிறது. அதையே எழுதுகிறேன்.

குள்ளமான, அகன்ற தோளுள்ள பெண். நரைத்த தலைமயிரைக் கட்டையாக வெட்டியிருப்பார். மதியச் சாப்பாட்டு நேரத்தில் சட்டைப் பையிலிருந்து ஒரு சின்னக் கத்தியை எடுத்து, உலர்ந்த கலைமான் இறைச்சியைச் சீவிச் சீவிச் சாப்பிடுவார். ஒரு கேள்வியை இரண்டாம் தரம் கேட்கமாட்டார். கேட்டுவிட்டு, பதில் வரும்வரை உங்களுடைய முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். முறைத்துப் பார்ப்பதில்லை. பேருந்து வரும் திசையை மற்றவர்கள் பார்ப்பார்களே, அப்படி.

இதில் எனக்குத் தொடக்கத்திலேயே ஒரு சங்கடம் வந்தது. வந்து பல வருடமாகியும் என் நோர்வேஜியம் இடையிடையே தடக்கும். கதைத்துக்கொண்டு போகும்போது ஒரு சொல் வராமல் நின்றால், நோர்வேக்காரர் நல்ல மனதோடு உடனே அந்தச் சொல்லைத் தந்துவிடுவார்கள். நானும் "ஓம், அதுதான்" என்று வாங்கிக்கொண்டு மேலே போவேன். அவர்கள் தந்தது நான் தேடிய சொல்லாக இல்லாவிட்டாலும் அதையே வாங்கிக்கொள்வேன்.

ரீச்சர் தரமாட்டார்.

ஒருநாள் சாப்பாட்டு மேசையில், நான் முதலில் வேலை செய்த இடத்தைப் பற்றிச் சொல்லத் தொடங்கினேன். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த புதிதில் என்னைப்போலக் கனபேர் பின்மார்க்கின் மீன் தொழிற்சாலைகளுக்குத்தான் போனோம். வெள்ளைத் தொப்பியும் றப்பர் சப்பாத்தும் போட்டு, நாள் முழுக்க நின்றபடி மீன் வெட்டுகிற வேலை. அதைச் சொல்லிக்கொண்டு வரும்போது, மீனின் செவிளுக்கு நோர்வேஜியத்தில் என்ன சொல் என்று மறந்துபோயிற்று. நிறுத்தினேன். ரீச்சருக்கு அந்தச் சொல் தெரியும், மீன்பிடிக் குடும்பத்தில் பிறந்தவர். நான் என் கழுத்தின் இரு பக்கமும் கையை வைத்துக் காட்டினேன். தலையாட்டினார், ஆனால் சொல்லவில்லை. எனக்கு முகம் சூடாகிவிட்டது. இந்த மனிசிக்கு ஒரு சொல் தந்தால் என்ன குறைந்துவிடும் என்று ஆத்திரம் வந்தது. கடைசியில் சொல் தானாக வந்தது. "ஓம்," என்றார், நான் விட்ட இடத்திலிருந்து தொடர்வதற்கு வழிவிட்டு.

அந்தக் கதையில் நான் சொல்ல வந்தது இதுதான். தொழிற்சாலையில் எனக்குப் பக்கத்தில் இரண்டு பெண்கள் நின்று மீன் வெட்டுவார்கள். தங்களுக்குள் மெதுவாக ஏதோ கதைப்பார்கள். நான் கிட்டப் போனால் சட்டென்று நிறுத்திவிடுவார்கள். எங்களைப் பற்றித்தான் கதைக்கிறார்கள் என்று தமிழ்ப் பெண்கள் நாங்கள் எல்லோரும் நம்பினோம். அவர்களோடு முகம் கொடுத்துக் கதைப்பதைக்கூட விட்டுவிட்டோம்.

ரீச்சர் கத்தியை மடித்து வைத்தார். "உங்களுக்காக மட்டும் நிப்பாட்டியிருக்கமாட்டினம். ஆர் கிட்ட வந்தாலும் நிப்பாட்டுவினம்," என்றார். "அது எங்கடை பாசை. வேலையிடத்திலை கேட்டால் வெக்கமெண்டு நினைச்ச காலம்."

நான் அங்கே வருடக்கணக்காக இருந்திருக்கிறேன். என் பக்கத்தில் நின்றவர்கள் யார் என்று ஒஸ்லோவின் கீழ்த்தளத்தில் வைத்து ஒருவர் சொல்லித்தான் எனக்குத் தெரியவந்தது. அதற்குப் பிறகு அந்த வகுப்பை நான் இணைப்புக்காக மட்டும் கவனிக்கவில்லை.

வகுப்பில் எல்லோரும் வளர்ந்தவர்கள். துடுப்பு என்று சொன்னவர் பிள்ளையாக இருக்கும்போது வீட்டில் அந்த மொழியைக் கேட்டவர். பிறகு பள்ளிக்கூட விடுதிக்குப் போய், அங்கே அது தடையாகி, மறந்துபோனவர். மறந்தது என்று அவர்தான் சொன்னார். ரீச்சர் அந்தச் சொல்லை ஏற்றுக்கொள்ளவில்லை. "உள்ளுக்கை கிடக்கு. நான் வெளியிலை இருந்து ஒண்டைக் குடுத்தா, அவர் அதை வைச்சுக்கொண்டு தன்ரையைத் தேடமாட்டார்," என்று ஒருமுறை எனக்குச் சொன்னார்.

வேறு சிலருக்கு உள்ளே கிடக்கவும் எதுவுமில்லை. தாய் தகப்பன் வேண்டுமென்றே கற்றுக்கொடுக்காமல் விட்டவர்கள். அப்படி ஒருத்தி அங்கேயுள்ள ஹம்மர்பெஸ்ட் நகரத்திலிருந்து திரையில் வருவாள். ஐம்பது வயதிருக்கும். முதியோர் இல்லமொன்றில் துப்புரவு வேலை. அவளுடைய தாயும் அதே இல்லத்தில்தான் இருந்தாள். தாய்க்கு மறதி நோய் முற்றி, பிறகு கற்ற நோர்வேஜியம் முழுக்கக் கழன்று விழுந்து, சின்ன வயதுச் சாமி மொழி மட்டும் எஞ்சியிருந்தது. தாய் நாள் முழுக்கக் கதைக்கிறாள், மகளுக்கு ஒன்றும் விளங்குவதில்லை. தாய் இருக்கும்போதே படித்துவிட வேண்டும் என்று வகுப்பில் சேர்ந்திருந்தாள்.

இந்த விபரமெல்லாம் முதல் நாள் அவள் நோர்வேஜியத்தில் சொன்னது. அதற்குப் பிறகு வாயே திறக்கவில்லை. மற்றவர்கள் கதைப்பதைக் கேட்பாள், எழுதுவாள். அவளுடைய முறை வரும்போது ரீச்சர் கேள்வி கேட்பார். அவள் மேசையைப் பார்ப்பாள். ரீச்சர் காத்திருப்பார். மற்ற ஊர்களிலிருந்து திரையில் தெரிந்தவர்களும் காத்திருந்தார்கள், அவர்களுக்கு அது பழகிவிட்டது. கொஞ்ச நேரம் போக அவள் தலையை அசைப்பாள். ரீச்சர் நன்றி சொல்லிவிட்டு அடுத்தவரிடம் போவார். குளிர்காலம் முழுக்க இதுதான் நடந்தது.

கமராவில் ரீச்சரின் முகமும் தோளும் மட்டும்தான் தெரியும். நான் இருந்த இடத்திலிருந்து மேசைக்குக் கீழேயும் தெரியும். அவர் ஒரு கையால் மற்றக் கையின் பெருவிரலைப் பிடித்து இறுக்கிக்கொண்டிருப்பார். முகத்தில் இருந்த அமைதி கைகளில் இல்லை.

மாசி மாதத்தில் ஒரு சனிக்கிழமை அவரை ஒஸ்லோவின் ரொம்சோஸ் பகுதியில் எங்கள் வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டேன். புட்டும் ஆட்டிறைச்சிக் கறியும். கையால் சாப்பிடுவதைப் பார்த்துவிட்டு அவரும் முள்ளுக்கரண்டியை வைத்துவிட்டார். உறைப்புக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது, ஆனால் இரண்டாம் தரமும் போட்டுக்கொண்டார். இவருக்கு, என் கணவருக்கு, மேசையில் யாரும் பேசாமல் இருந்தால் இருப்புக்கொள்ளாது. பனியைப் பற்றி, பெற்றோல் விலையைப் பற்றி, சுரங்க ரயில் பிந்துவதைப் பற்றி ஓயாமல் கதைத்துக்கொண்டிருந்தார். ரீச்சர் ஆர்வமாகக் கேட்டார்.

சாப்பிட்டு முடிந்து குசினிக்குள் வந்தவர், மூலையில் இருந்த தேங்காய்த் துருவலையைக் கண்டார். பலகையில் இருந்துகொண்டு துருவுகிற பழைய மாதிரி. யாழ்ப்பாணத்திலிருந்து என் அக்கா அனுப்பியது. குனிந்து அதன் பல்லைத் தொட்டுப் பார்த்தார். பிறகு ஆரணியிடம் கேட்டார்.

"அம்மாவின்ரை பாசையிலை இதுக்கு என்ன பேர்?"

ஆரணிக்குப் பன்னிரண்டு வயது. வீட்டில் தமிழ் கதைப்பாள், ஆனால் சாமான்களின் பெயரென்றால் பாதி நோர்வேஜியம்தான். என்னைப் பார்த்தாள். நான் வாயைத் திறந்தேன். ரீச்சர் என்னைப் பார்க்காமலே என் மணிக்கட்டில் கையை வைத்தார். வாயை மூடிக்கொண்டேன். என் வீட்டில், என் பிள்ளைக்கு ஒரு சொல் சொல்ல விடாமல் இந்த மனிசி என்ன செய்கிறது என்றும் இருந்தது. அடுத்து என்ன நடக்கும் என்று பார்க்கவும் ஆசையாக இருந்தது.

ஆரணி துருவலையைப் பார்த்தாள். கையால் துருவுவதுபோல் செய்து பார்த்தாள். முகம் சிவந்தது.

"தேங்காய்…" என்றாள். பிறகு, "தேங்காய்ச் சுரண்டி."

ரீச்சர் என் பக்கம் திரும்பினார். "சரியோ?"

"பிழை," என்றேன். "ஆனா விளங்கும்."

"அப்ப அவ ஒரு சொல் செய்திருக்கிறா," என்றார் ரீச்சர். அவர் வாய்விட்டுச் சிரித்ததை அன்றுதான் பார்த்தேன். ஆரணிக்குத் தான் பிழையாகச் சொன்னதும் பெருமையாகப் போயிற்று. எங்கள் வீட்டில் அதற்குப் பிறகு அது சுரண்டிதான்.

பங்குனி மாதத்தில் நிறுவனத்தில் ஒரு கூட்டம் வைத்தார்கள். தொலைக்கல்வித் திட்டத்துக்குப் பொறுப்பான அதிகாரி அதை நடத்தினார். கெட்ட மனிதர் இல்லை. எங்களுக்குக் கேக் வாங்கி வருகிறவர். பிள்ளைகளைச் சுகம் விசாரிப்பவர். எல்லாம் சுறுக்காக நடக்க வேண்டும், அவ்வளவுதான் அவருக்கு. வகுப்புகளின் பதிவுகளைப் பார்த்திருந்தார். சாமி மொழி வகுப்பின் பதிவைப் போட்டுவிட்டு, வேகமாக ஓடவிட்டார். வேகமாக ஓடியும் துடுப்புக்காரரின் முகம் அசையவில்லை. அவருக்குப் பின்னால் சுவரில் இருந்த மணிக்கூட்டின் முள் மட்டும் நகர்ந்தது. மேசையைச் சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். ரீச்சரும் சிரித்தார்.

"இந்த இணைப்பு திறந்து கிடக்கிற ஒவ்வொரு நிமிசத்துக்கும் காசு போகுது," என்றார் அதிகாரி. "இதே பாடங்களை சீடியிலை பதிஞ்சு அனுப்பினால் அவையள் வீட்டிலை இருந்து படிக்கலாமே? நீங்கள் ஏன் இவ்வளவு நேரம் பேசாமல் இருக்கிறீங்கள்? எனக்கு விளங்கேல்லை, விளங்கப்படுத்துங்கோ."

நல்ல கேள்விதான். எனக்கும் கேட்க ஆசையாக இருந்த கேள்வி. ரீச்சர் மேசையில் கைகளை வைத்தார். நோர்வேஜியம் அவருக்கும் பள்ளிக்கூடத்தில் வந்த மொழி. முக்கியமான விசயமென்றால் மெதுவாகத்தான் தொடங்குவார்.

"நான் அவையளுக்கு…" என்று தொடங்கி நிறுத்தினார்.

"தன்னம்பிக்கை வரவேணுமெண்டு?" என்றார் அதிகாரி.

ரீச்சர் அவரைப் பார்த்தார். "இல்லை. நான்…"

"இது ஒரு கற்பித்தல் முறை. அப்பிடித்தானே?"

ரீச்சர் வாயை மூடினார். அதிகாரி உதவி செய்வதாகத்தான் நினைத்தார். இன்னும் இரண்டு மூன்று சொற்களை எடுத்து நீட்டினார். ரீச்சர் எதையும் வாங்கவில்லை. கொஞ்ச நேரத்தில் அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்து, "சரி, யோசிச்சுப் பாப்பம்," என்று அடுத்த விசயத்துக்குப் போனார். கோடையோடு வகுப்பை நிறுத்தி சீடிக்கு மாறுவது என்று அன்றே ஏறக்குறைய முடிவாகிவிட்டது.

எனக்குக் கோபம். அதிகாரியில் கொஞ்சம், ரீச்சரில் அதைவிடக் கூட. வேலை போகப்போகிறது, வகுப்புப் போகப்போகிறது, வாய் திறந்து ஒரு பதில் சொல்லக்கூடாதா? அன்று இருவரும் ஒன்றாகத்தான் சுரங்க ரயிலுக்கு நடந்தோம். ரயில் நிலையத்தின் வாங்கில் உட்கார்ந்திருந்தபோது கேட்டேன்.

"ஏன் அவருக்குப் பதில் சொல்லேல்லை?"

ஒரு ரயில் வந்து போயிற்று, நாங்கள் ஏறவில்லை.

"நான் வீட்டிலை கடைசி," என்றார். "ஏழு வயதிலை பள்ளிக்கூட விடுதிக்குப் போனன். வீட்டிலையும் பிள்ளையோடை நோர்வேஜியம்தான் கதைக்கவேணும் எண்டு பள்ளிக்கூடத்தாலை அம்மாவுக்குச் சொல்லிவிட்டினம். அம்மா நல்ல மனிசி, சொன்னதைக் கேட்டா. ஆனா அவவுக்கு அந்தப் பாசை கொஞ்சம்தான் தெரியும்."

நான் இடையில் எதுவும் சொல்லவில்லை. அவரோடு பழகி அது எனக்கும் கொஞ்சம் வந்திருந்தது.

"நான் கெட்டிக்காரி. வேகமாப் பிடிச்சிட்டன். லீவிலை வீட்டை வந்தால், அம்மா ஒரு வசனம் தொடங்குவா, நான் முடிச்சுவைப்பன். கடையிலை, டொக்டரிட்டை, எங்கையும். அம்மா 'எனக்கு…' எண்டு சொல்ல முன்னம் நான் மிச்சத்தைச் சொல்லிப்போடுவன். எல்லாரும் என்னை மெச்சினவை. அம்மாவும் மெச்சினவ. ஒருக்கா நத்தார் லீவுக்கு வீட்டை வந்து நிண்டபோதுதான் கவனிச்சன். அம்மா இப்ப வசனம் தொடங்குறதே இல்லை."

அடுத்த ரயிலின் வெளிச்சம் தூரத்தில் தெரிந்தது.

"நான் முடிக்கிறதுக்கு ஒண்டுமில்லாமல் போச்சு," என்றார். "உயிரோடை இருந்தவரைக்கும் அப்பிடித்தான் இருந்தா. இதை அந்தக் கூட்டத்திலை எப்பிடிச் சொல்லுறது? சொல்லத்தான் தொடங்கினனான்."

அந்த வாரம் ஆரணியோடு மருந்துக் கடைக்குப் போனேன். மருந்துக்காரப் பெண்ணிடம் என் தோள்நோவைப் பற்றிச் சொல்லத் தொடங்கினேன். ஒரு சொல்லில் தடக்கியதும் ஆரணி படபடவென்று எல்லாவற்றையும் சொல்லி முடிக்கப் பார்த்தாள். கெட்டிக்காரிதான் அவளும்.

"பொறு ஆரணி, நான் சொல்லுறன்," என்றேன்.

பின்னால் வரிசையில் நின்ற யாரோ இருமினார்கள். ஆரணிக்கு வெட்கமாக இருந்தது, நிலத்தைப் பார்த்தபடி நின்றாள். கஷ்டப்பட்டுத்தான் சொன்னேன். ஆனால் மருந்துக்காரி தந்த பூச்சு மருந்து, நான் உண்மையில் சொன்ன நோவுக்கான மருந்தாக இருந்தது.

சித்திரை மாதம் ஒரு வகுப்பு. சீடிப் பதிவுக்கு எந்த நாள் வசதி என்று கேட்க அதிகாரி கீழே வந்திருந்தார். பாடம் முடியட்டும் என்று, மேலங்கியைக் கழற்றாமல், என் பின்னால் நின்றார். ஹம்மர்பெஸ்ட் பெண்ணின் முறை வந்தது. ரீச்சர் சாமி மொழியில் வழக்கமான கேள்வியைக் கேட்டார்: நேற்று என்ன செய்தீர்?

அவள் மேசையைப் பார்த்தாள்.

நேரம் போயிற்று. அதிகாரி காலை மாற்றி மாற்றி வைத்தார். பிறகு என் தோளுக்கு மேலால் குனிந்து, "இணைப்பு…" என்று தொடங்கினார். நான் கையைத் தூக்கினேன். என் மேலதிகாரிக்கு நான் அப்படிக் கை காட்டியது அதுதான் முதல் தரம். அவர் நிமிர்ந்து நின்றார். ஆச்சரியமாக இருந்திருக்க வேண்டும், ஆனால் ஒன்றும் சொல்லவில்லை.

திரையில் அந்தப் பெண் தலையை நிமிர்த்தினாள். இந்த முறை தலையை அசைக்கவில்லை. கதைக்கத் தொடங்கினாள். ஒவ்வொரு சொல்லாக, நடுவில் நீண்ட இடைவெளிகளோடு. எங்களுக்கு விளங்கவில்லை. அம்மா என்பதற்கான சொல் மட்டும் எனக்கு அதற்குள் பழக்கம், அது இரண்டு மூன்று தரம் வந்தது. முடிவுக்கு வரும்போது ஒரு வசனத்தை அவள் நேரே கமராவைப் பார்த்துச் சொன்னாள்.

"முன் லெஆன் டூ நியெய்டா."

பிறகு இன்னும் ஒரு வசனம் சொல்லிவிட்டு நிறுத்தினாள். இப்போது ரீச்சர் ஏதாவது சொல்ல வேண்டும். ரீச்சரால் முடியவில்லை. மேசைக்குக் கீழே அவர் கைகள் இரண்டும் மடியில் விரிந்து கிடந்தன. துடுப்புக்காரர் தன் திரையில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அந்தப் பெண் ரீச்சரைப் பார்த்தபடி அவசரமில்லாமல் இருந்தாள்.

"என்ன சொன்னவ?" என்று அதிகாரி என் காதருகே கேட்டார். எனக்கும் தெரியாது என்றேன்.

பாடம் முடிந்து ரீச்சர் எங்களுக்குச் சொன்னார். முந்தின நாள் அவள் தாயின் அறையைத் துடைக்கப் போயிருக்கிறாள். தாய் கட்டிலில் இருந்தபடி, அவளை யாரென்று தெரியாமல், நீ யாருடைய மகள் என்று கேட்டிருக்கிறாள். தாய் சொன்ன ஒன்று மகளுக்கு விளங்கியது அதுதான் முதல் தடவை. துடைப்பதை நிறுத்திவிட்டு, கமராவைப் பார்த்துச் சொன்ன அதே வசனத்தைச் சொன்னாளாம், "நான் உங்கடை மகள்." தாய் அதைக் கேட்டுவிட்டு, "அப்ப ஏன் நிண்டுகொண்டிருக்கிறாய், இரு," என்றாளாம்.

அதிகாரி மேலங்கியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். பிறகு, "சீடியைப் பற்றிப் பிறகு கதைப்பம்," என்று மேலே போனார். அவர் வேறு மனிதர் ஆகிவிடவில்லை. சீடியும் கடைசியில் வந்தது, அதன் அட்டை நன்றாக இருந்தது. ஆனால் வகுப்பும் இன்னும் ஒரு வருடம் நடந்தது. அந்த வருடத்தில் துடுப்புக்காரர் கதை சொல்லத் தொடங்கிவிட்டார், பாடம் முடிந்தும் நிறுத்தமாட்டார். இணைப்பை மூட வேண்டும் என்று நான் ரீச்சருக்குக் கைகாட்டுவேன், அவர் காணாத மாதிரி இருப்பார்.

பிறகு ரீச்சர் ஒஸ்லோவை விட்டுப் போனார். வடக்கே அந்தப் பக்கத்திலேயே ஒரு பள்ளிக்கூடத்தில் நேரில் படிப்பிக்க வேலை கிடைத்தது. போகும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். நானும் நின்றேன்.

சில வருடங்கள் கழித்து, அந்தப் பத்தாண்டு முடிவதற்குள், ஹம்மர்பெஸ்டில் என் மச்சாளின் மகள் பெரியபிள்ளையானதற்குச் சாமத்திய வீடு. அவர்கள் எங்களைப்போல் தெற்கே வராமல் அங்கேயே தங்கிவிட்ட தமிழர். கொண்டாட்டம் முடிந்த மறுநாள், மச்சானைக் கெஞ்சிக் கேட்டு, ரீச்சரின் குடாவுக்குக் காரில் போனேன். வெளியே வந்து கூப்பிட்டவர் அதே ரீச்சர்தான். ஆனால் உள்ளே போனதும் எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

குசினி மேசையைச் சுற்றிப் பெண்கள். அவருடைய அக்காமார் இருவர், பக்கத்து வீட்டுக்காரி, அவர்களோடு ஹம்மர்பெஸ்ட் பெண். எனக்கு அவளுடைய நெற்றிச் சுருக்கம்கூட மனப்பாடம், அவளோ என்னை அன்றுதான் காண்கிறாள். நான்தான் இணைப்புக்குப் பொறுப்பாக இருந்தவள் என்று சொன்னதும் எழுந்து வந்து என் இரண்டு கன்னத்தையும் பிடித்தாள். தாய் இறந்து ஒரு வருடமாகிறது என்றாள். கடைசி மாதங்களில் நிறையக் கதைத்தோம் என்றும், அதிகமும் சண்டைதான் என்றும் சொன்னாள்.

எனக்குக் கோப்பியும் தட்டை ரொட்டியும் தந்துவிட்டு அவர்கள் தங்கள் கதைக்குப் போனார்கள். சாமி மொழியில். ரீச்சர் யாரையும் கதைக்க விடவில்லை. மூத்த அக்கா ஒரு வசனம் தொடங்கினால் அதற்குள் பாய்ந்தார். பக்கத்து வீட்டுக்காரி பாதி சொல்லும்போதே அவர் சிரித்தார், மற்ற அக்கா அவரை மீறிக் கத்தினாள். ஹம்மர்பெஸ்ட் பெண் எல்லோருக்கும் மேலால் குரல் உயர்த்தினாள். ரீச்சரின் கைகள் மேசைக்கு மேலே அங்கும் இங்கும் பறந்தன. ஒருவருடைய வசனத்தையும் ஒருவரும் முழுதாக முடிக்கவில்லை, அதைப் பற்றி ஒருவருக்கும் கவலையுமில்லை.

ஒரு சொல்லும் விளங்காமல் நான் கோப்பியைக் குடித்தபடி மாறி மாறி முகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இவ்வளவு சத்தமாக, இவ்வளவு அவசரமாக அப்படி எதைத்தான் கதைக்கிறார்கள் என்று அறிய ஆவல் தாங்கவில்லை. ஒரு மூச்சு இடைவெளியில் ரீச்சரின் கையைத் தொட்டேன்.

"என்ன கதைக்கிறீங்கள்?"

"முக்கியமா ஒண்டுமில்லை," என்று நோர்வேஜியத்தில் சொல்லிவிட்டு, ரீச்சர் திரும்பவும் அதற்குள் பாய்ந்தார்.